தவறிய டபுள் 2: லூக் லிட்லரின் தொடக்க ஆண்டுகள்

2024 ஜனவரி 3, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ். உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம். முதலில் ஏழு செட் எடுப்பவருக்குக் கோப்பை. இங்கிலாந்தின் வாரிங்டன் ஊரிலிருந்து வந்த லூக் லிட்லர் 4-2 என்று முன்னால் நிற்கிறார். வயது 16, 17 ஆக இன்னும் 18 நாள். கையில் ஒரு டார்ட், அதாவது எறியும் சிறு அம்பு. அது போர்டில் டபுள் 2 என்ற இடத்தில் குத்தினால் 5-2. குத்தவில்லை. எதிரே இருந்த லூக் ஹம்ஃப்ரிஸ் அந்த செட்டை எடுத்தார், அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். வரிசையாக ஐந்து செட். 4-2 என்று இருந்த ஆட்டம் 4-7 என்று முடிந்தது.

அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருவன். முடிந்ததும் எனக்குத் தோன்றியது பாராட்டும் இல்லை, பரிதாபமும் இல்லை. ‘சரி, அடுத்த வருஷம் இந்தப் பையனைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை’ என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் திடீரென்று மேலே வந்து, ஒரு பெரிய ஆட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டவர்கள் எப்படிப் போனார்கள் என்பதற்கு டார்ட்ஸில் முன்மாதிரிகள் உண்டு. அதை வைத்துப் போட்ட கணக்கு. ஒரே வருஷத்தில் அது தப்பாகிப்போனது. ஏன் தப்பானது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

ஒரு டபுளின் கதை

டார்ட்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 501 புள்ளியில் தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று டார்ட். விழுகிற புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். போர்டில் மிகப் பெரிய புள்ளி டிரிபிள் 20, அதாவது 60. மூன்றும் அங்கேயே போனால் 180. இப்படி 501-ஐ முதலில் தீர்ப்பவருக்கு ஒரு லெக். உலகப் போட்டியில் மூன்று லெக் எடுத்தால் ஒரு செட்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. கடைசி டார்ட் கட்டாயம் டபுளில் விழ வேண்டும். போர்டின் வெளி விளிம்பைச் சுற்றி ஓடும் ஒல்லியான வளையம்தான் டபுள்; அங்கே விழுந்தால் அந்த எண் இரண்டு மடங்கு. அகலம் எட்டு மில்லிமீட்டர். (போர்டின் நட்டநடுவில் இருக்கும் ‘புல்’ (bull) என்ற சின்ன வட்டமும் டபுளாகக் கணக்கு.) எறிபவர் நிற்கும் கோட்டுக்கும் போர்டுக்கும் 2.37 மீட்டர் தூரம். கேரமில் சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் விட்டால் சிவப்பு திரும்பிப் பலகைக்கே வந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி ஒரு எரிச்சல் இது. 180-ஆக எறிந்து குவித்தாலும் டபுள் விழாவிட்டால் அந்த லெக்கில் கையில் ஒன்றும் இல்லை.

வீரர்கள் 32 மீதி வைக்க ஆசைப்படுவார்கள். டபுள் 16-க்கு எறிந்து, டார்ட் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒற்றை 16-இல் விழுந்தாலும் பாதகமில்லை. மீதி 16, டபுள் 8 இருக்கிறது. அதிலும் உள்ளே விழுந்தால் மீதி 8, டபுள் 4. அதிலும் தவறினால் மீதி 4, டபுள் 2. அதற்கும் கீழே டபுள் 1 மட்டும்தான். அந்த டபுள் 1-க்கு இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயருக்கு ‘பைத்தியக்கார விடுதி’ என்று அர்த்தம். ஆக, ஆசைப்பட்டு யாரும் டபுள் 2-ஐ வைத்துக்கொள்வதில்லை. தவறுகளின் படியில் இறங்கி இறங்கித்தான் பெரும்பாலும் அங்கே வந்து நிற்பார்கள். போர்டில் அது இருக்கும் இடமும் ஓரம். கடிகாரமாக நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஐந்து மணி, ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 17.

இன்னொரு கணக்கும் உண்டு. உலகத்தர வீரர்களே டபுளுக்கு எறியும் டார்ட்டில் நூற்றுக்கு நாற்பது விழுந்தால் அது நல்ல நாள். அதாவது, அந்த டார்ட் தவறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ‘பையன் பதறிவிட்டான்’ என்று மறுநாள் பேசியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான் எடுக்கவில்லை.

காந்தப் போர்டு

லிட்லர் பிறந்தது 2007 ஜனவரி 21, செஷர் மாவட்டத்தின் ரன்கார்னில். வளர்ந்தது பக்கத்து ஊரான வாரிங்டனில். அப்பா டாக்சி ஓட்டியவர். எல்லாம் ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும் கடையிலிருந்து ஒரு காந்தப் போர்டு வாங்கி வந்தார். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. நாப்பி கட்டிய குழந்தை அந்தப் போர்டின் முன்னால் நின்று காந்த டார்ட்டை எறிவதும், ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவதுமான வீடியோவை 2023 டிசம்பர் கடைசியில் பாதி இங்கிலாந்து பார்த்திருக்கும்.

இந்த வீடியோவை வைத்து ‘பிறவிக் கலைஞன்’ என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் வேறொன்றுதான் கண்ணில் பட்டது. அந்தக் குழந்தைக்கு டார்ட்ஸ், ஒரு விளையாட்டாக அறிமுகமாவதற்கு முன்பே ஒரு பொம்மையாகக் கிடைத்திருக்கிறது. ஒன்றரை வயதில் எறியத் தொடங்கியவருக்கு 16 வயதில் பதினான்கு வருஷத்துக்கு மேல் அனுபவம். முப்பது வயதில் நிற்கும் பல தொழில்முறை வீரர்களுக்கும் அவ்வளவுதான் இருக்கும்.

ஆறு வயதில் முதல் 180. அதற்குச் சில வருஷம் கழித்து, வாரிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் டார்ட்ஸ் அகாடமியில் சேர்ந்தார். டார்ட்ஸுக்கு அகாடமியா என்று சிரிக்க வேண்டாம். பப்பின் மூலையில் பெரியவர்கள் பீரும் கையுமாக விளையாடும் ஆட்டம் என்ற பெயர் அதற்குப் பல காலமாக உண்டு. பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பப்புக்குள் போயாக வேண்டும் என்பதுதான் பழைய நிலை. அகாடமிகள் வந்தபின் அது மாறியது. சாயங்காலம் வரிசையாகப் போர்டுகள், வயது வித்தியாசம் பாராமல் ஆட்டங்கள், கூடவே கணக்கு.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. ‘141 மீதி’ என்றவுடன் டிரிபிள் 20, டிரிபிள் 19, டபுள் 12 என்று யோசிக்காமல் வர வேண்டும். முதல் டார்ட் ஒற்றை 20-இல் விழுந்துவிட்டால் மீதி 121. இப்போது பாதை முழுக்க மாறிவிடும். அதை அடுத்த டார்ட்டை விரல்கள் பிடிப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களில் பலர் இந்த இடத்தில் ஒரு நொடி நின்று போர்டைப் பார்ப்பார்கள். லிட்லர் நிற்பது அபூர்வம். மூன்றும் ஒரே தாளத்தில் போகும். சின்ன வயதிலேயே வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டவர்களுக்குத்தான் அந்த வேகம் வரும்.

பிள்ளைகளுக்கென்றே நடக்கும் ஜேடிசி என்ற ஜூனியர் டார்ட்ஸ் கார்ப்பரேஷனின் உலகப் பட்டத்தை 2022-இலும் 2023-இலும் அடுத்தடுத்து எடுத்தார். அதோடு, 15 வயதில், பெரியவர்கள் பிரிவில் ஐரிஷ் ஓபன் பட்டத்தையும் வென்றார். டார்ட்ஸை நெருங்கிக் கவனிப்பவர்கள் அப்போதே பெயரைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். என்னைப் போல டிசம்பரில் மட்டும் எட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் அவர் வானத்திலிருந்து குதித்தவர்.

24 நாள்

பிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரொஃபஷனல் டார்ட்ஸ் கார்ப்பரேஷனின் ஆட்டங்களில் இறங்க அப்போது 16 வயது முடிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியில் அது முடிந்தது. அந்த வருஷமே இளைஞர்களுக்கான டெவலப்மென்ட் டூரில் இறங்கி, அதன் தரவரிசை வழியாக உலக சாம்பியன்ஷிப்புக்கு இடம் பிடித்தார். நவம்பர் 26 அன்று மைன்ஹெட்டில் உலக இளையோர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். நெதர்லாந்தின் கியான் வான் வேனை 6-4 என்று தோற்கடித்தார். சரியாக 24 நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, அலெக்சாண்ட்ரா பேலஸ் மேடையில் முதல் ஆட்டம். அப்போது உலகத் தரவரிசையில் அவர் இடம் 164.

முதல் எதிரி கிறிஸ்டியன் கிஸ்ட். சாதாரண ஆளில்லை, பிடிசிக்குப் போட்டியாக இருந்த பிடிஓ என்ற பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பின் 2012 உலக சாம்பியன். ஆட்டம் 3-0 என்று முடிந்தது. லிட்லரின் சராசரி 106.12. மூன்று டார்ட்டுக்கு எத்தனை புள்ளி எடுக்கிறார் என்பதுதான் சராசரி. உலகப் போட்டியில் ஒருவர் முதல்முறை மேடையேறி இவ்வளவு எடுத்தது அதற்கு முன் இல்லை. முகத்தில் தாடி வேறு இருந்ததால், 16 வயதா என்று நம்பாமல் பிறந்த சான்றிதழைக் கேட்டு இணையத்தில் கேலி ஓடியது. ஜெயித்த பிறகு எப்படிக் கொண்டாடுவாய் என்று கேட்டால் கபாப் சாப்பிடப்போகிறேன் என்றார். ஆட்ட நாளின் வழக்கத்தையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: காலையில் ஹாமும் சீஸும் போட்ட ஆம்லெட், அரங்குக்கு வந்து பீட்சா, அப்புறம் பயிற்சி. ஊட்டச்சத்து நிபுணர்கள் சூழ வாழும் விளையாட்டு வீரர்களையே பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பிடித்துப்போனது.

ஆண்ட்ரூ கில்டிங் 3-1. மேட் கேம்பெல் 4-1. அடுத்து நான்காம் சுற்றில் ரேமண்ட் வான் பார்னவெல்ட். இந்த ஆட்டத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வான் பார்னவெல்ட் ஐந்து முறை உலக சாம்பியன். அதில் ஐந்தாவது, டார்ட்ஸ் ஜாம்பவான் ஃபில் டெய்லரை 7-6 என்று கடைசி லெக்கில் வென்ற அந்தப் பேர்போன இறுதி ஆட்டம், நடந்தது 2007 ஜனவரி 1. அதற்கு இருபதாவது நாள் பிறந்தவர் லிட்லர். வான் பார்னவெல்ட்டின் கடைசி உலகப் பட்டத்தைவிட வயது குறைந்த பையன் அவரை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பினான். பெரியவர் கையைக் கொடுத்து, கட்டிப் பிடித்து, முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

காலிறுதியில் பிரெண்டன் டோலன் 5-1. அரையிறுதியில் ராப் கிராஸ் 6-2. 2018-இல் தன் முதல் முயற்சியிலேயே உலகப் பட்டத்தை எடுத்தவர் கிராஸ். முதல் முயற்சியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அவரையே 106-க்கு மேல் சராசரி வைத்துச் சாய்த்தாயிற்று.

அப்புறம் இறுதி ஆட்டம், டபுள் 2. அதை மேலே சொல்லிவிட்டேன். ஹம்ஃப்ரிஸ் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் வேர்ல்ட் கிராண்ட் பிரி, கிராண்ட் ஸ்லாம், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஃபைனல்ஸ் என்று மூன்று பெரிய பட்டம். இறுதியில் அவர் சராசரி 103.67, லிட்லரின் சராசரி 101.13. உலகின் முதலிடத்தில் இருந்தவர் தன் உச்சத்தில் ஆடி ஜெயித்த ஆட்டம் அது. இங்கிலாந்தில் ஸ்கை ஸ்போர்ட்ஸில் அதை ஒரு கட்டத்தில் 37 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்பந்து தவிர வேறு எந்த ஆட்டத்துக்கும் அந்தச் சானலில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

முன்னால் போனவர்கள்

என் தப்புக் கணக்குக்கு வருகிறேன். அது முழுக்க ஆதாரமில்லாதது இல்லை.

2008 உலக இறுதிக்குத் தகுதிச்சுற்று வழியாக வந்து சேர்ந்தவர் கிர்க் ஷெப்பர்ட். வயது 21. ஜான் பார்ட்டிடம் 2-7 என்று தோற்றார். அதன்பின் எந்தப் பெரிய இறுதி ஆட்டத்திலும் அவர் பெயர் வரவில்லை. 2006-இல் பிடிஓ உலகப் பட்டத்தை 21 வயதில் எடுத்த யெல்லே கிளாசனுக்கும் அது போல இரண்டாவது உலகப் பட்டம் கிடைக்கவில்லை.

நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் மைக்கேல் வான் கெர்வன். 2006-இல், 17 வயதில், வேர்ல்ட் மாஸ்டர்ஸ் பட்டம். அடுத்த வருஷமே தொலைக்காட்சி நேரலையில் ஒன்பது டார்ட்டில் ஒரு லெக்கை முடித்தார். அப்போதும் வயது 17. ஒன்பது டார்ட் என்பது இந்த ஆட்டத்தின் எல்லை. 501-ஐ அதைவிடக் குறைந்த டார்ட்டில் முடிக்கவே முடியாது. அப்படிப்பட்டவர் பிடிசிக்கு வந்தபின் காணாமல் போனார். அடுத்த பெரிய பட்டம் 2012-இல்தான் வந்தது. பிறகு மூன்று முறை உலக சாம்பியன், பல வருஷம் உலகின் முதலிடம் என்று எங்கேயோ போய்விட்டார், அது வேறு கதை. ஆனால் 17-க்கும் 23-க்கும் நடுவில் அந்த வருஷங்கள் எங்கே போயின?

இங்கேதான் லிட்லர் விஷயம் பிரிகிறது என்பது என் கணிப்பு. வான் கெர்வனின் கையில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் வந்த காலத்தில் படிக்கட்டு இல்லை. பிள்ளைப் பருவ ஆட்டத்திலிருந்து நேராகப் பெரியவர்களின் கூட்டத்துக்குள் விழ வேண்டியிருந்தது. பிடிசி தன் உலக இளையோர் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியதே 2011-இல். லிட்லருக்கு அகாடமி, ஜேடிசி, டெவலப்மென்ட் டூர், இளையோர் பட்டம் என்று ஒவ்வொரு படியும் போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் தோற்றும் பார்த்திருக்கிறார், கேமரா முன்னாலும் நின்றிருக்கிறார். அவரை இறுதியில் தோற்கடித்த ஹம்ஃப்ரிஸும் இதே படியில் ஏறியவர்தான். 2019-இன் உலக இளையோர் சாம்பியன் அவர்.

தோற்ற பிறகு என்ன கிடைத்தது

இரண்டாவது காரணம் கொஞ்சம் வறட்டுத்தனமானது: பணம், தரவரிசை, கால அட்டவணை. சுவாரசியமில்லாத இந்தப் பகுதிதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

டார்ட்ஸில் தரவரிசை என்பது கடந்த இரண்டு வருஷத்தில் தரவரிசைப் போட்டிகளில் சம்பாதித்த பரிசுப் பணத்தின் கூட்டல். வேறு சூத்திரம் எதுவும் இல்லை. அப்போது உலகப் போட்டியில் இரண்டாம் பரிசு 2 லட்சம் பவுண்டாக இருந்தது. அந்த ஒரே தொகை லிட்லரை 164-இலிருந்து 31-க்குத் தூக்கிவிட்டது. தொழில்முறை ஆட்டங்களில் வாராவாரம் ஆட ‘டூர் கார்டு’ வேண்டும். மொத்தம் 128 பேருக்குத்தான் அது. ஜனவரியில் நடக்கும் தகுதித் தேர்வில் நூற்றுக்கணக்கானவர்களோடு மோதித்தான் புதியவர்கள் அதை வாங்க வேண்டும். முதல் 64 இடத்துக்குள் இருந்தால் தேர்வு வேண்டாம். தோற்றுப்போன அந்த இறுதி ஆட்டமே அவருக்குக் கார்டைக் கொடுத்துவிட்டது.

பரிசு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் உட்காரவும் நேரமில்லை. இரண்டு வாரத்தில் பஹ்ரைன் மாஸ்டர்ஸ். 17-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, நேதன் ஆஸ்பினாலுக்கு எதிரான காலிறுதியில் ஒன்பது டார்ட்டில் ஒரு லெக். அதே நாள் இறுதியில் வான் கெர்வனை 8-5 என்று வென்று பட்டம். டபுள் 2 தவறி 16 நாள்தான் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் பிரீமியர் லீக் தொடங்கியது. எட்டே எட்டு பேர், வியாழக்கிழமைதோறும் ஒரு ஊர், 16 இரவு. இவரையும் அதில் சேர்த்தபோது, இந்த வயதில் வாராவாரம் பத்தாயிரம் பேர் முன்னால் நிறுத்துவது சரியா என்ற பேச்சு எழுந்தது. எனக்கும் அது கொடுமையாகத்தான் பட்டது. இப்போது பார்த்தால் மருந்தே அதுதான். வருஷத்துக்கு ஒருமுறை வரும் மேடையில் தோற்றால் அந்தத் தோல்வியை வருஷம் முழுக்கச் சுமக்க வேண்டும். வியாழக்கிழமை தோற்றால் அடுத்த வியாழக்கிழமை வரைதான். அதே ஹம்ஃப்ரிஸ், அதே வான் கெர்வன், திரும்பத் திரும்ப. சில வாரம் வெறுங்கையோடு திரும்பியவர், மார்ச் கடைசியில் பெல்ஃபாஸ்டில் முதல் இரவை வென்றார். அதற்குள் பெல்ஜியத்தில் ஒரு ஐரோப்பிய டூர் பட்டமும் வந்திருந்தது. லீக் சுற்று முடிந்தபோது பட்டியலில் அவர் முதலிடம்.

மே 23, லண்டன் ஓ2 அரங்கு. அரையிறுதியில் மைக்கேல் ஸ்மித் 10-5. இறுதியில் மறுபடியும் ஹம்ஃப்ரிஸ். இந்த முறை 11-7 என்று லிட்லர் வென்றார். நடுவில் ஒன்பது டார்ட்டில் ஒரு லெக். ஜனவரி 3-க்கும் மே 23-க்கும் நடுவில் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 141. இரண்டு 180 போட்ட பிறகு ஒன்பது டார்ட் ஆட்டத்துக்கு மீதி இருக்கும் எண்ணும் அதுவே. இதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் ஏறுமுகம் என்றும் எழுதிவிட முடியாது. ஜூலையில் பிளாக்பூலில் நடந்த வேர்ல்ட் மேட்ச்பிளேயில் முதல் சுற்றிலேயே வான் கெர்வனிடம் தோல்வி. அக்டோபரில் வேர்ல்ட் கிராண்ட் பிரி; அங்கே லெக்கைத் தொடங்கவும் டபுள் அடிக்க வேண்டும். அதிலும் முதல் சுற்று, ராப் கிராஸிடம். ‘அவ்வளவுதான் பையன்’ என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று மாதம் தீனி போட்டது. நவம்பரில் வுல்வர்ஹாம்ப்டனில் கிராண்ட் ஸ்லாம் இறுதியில் மார்ட்டின் லூக்மனை 16-3 என்று வென்றார். தரவரிசைக்குக் கணக்காகும் பெரிய போட்டிகளில் அதுதான் அவரது முதல் பட்டம். வருஷக் கணக்கில் மொத்தம் பத்துப் பட்டம். பிபிசியின் இளம் விளையாட்டு ஆளுமை விருதும் அந்த டிசம்பரில் வந்தது.

மேடையில் அழுதது

2024 டிசம்பர் 21. அலெக்சாண்ட்ரா பேலஸுக்குத் திரும்பி வந்த முதல் ஆட்டம், எதிரே ரயன் மைக்கிள். மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இதுதான். ஏனென்றால் முதல் மூன்று செட்டில் லிட்லர் நன்றாகவே ஆடவில்லை. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. போன வருஷம் 164-ஆம் இடத்திலிருந்து வந்தவருக்கு இழக்க ஒன்றுமில்லை. இந்த முறை கோப்பை அவருக்குத்தான் என்று பந்தயக் கடைகள் முதல் டாக்சி டிரைவர்கள் வரை சொல்லிவிட்டார்கள். எப்படியோ 2-1 என்று நகர்ந்தார்.

நான்காவது செட். மூன்று லெக். பதினொரு டார்ட், பத்து டார்ட், பதினொரு டார்ட். மொத்தம் 32 டார்ட்டில் 1503 புள்ளி. சராசரி 140.91. உலகப் போட்டியில் ஒரு செட்டுக்கு இவ்வளவு சராசரி அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை. மூன்று டார்ட்டுக்கு நூறு எடுத்தாலே உலகத்தரம் என்று சொல்லும் ஆட்டத்தில் நூற்று நாற்பது. இதில் ஒரு லெக்கில் எட்டு டார்ட்டும் பிசகாமல் போய், ஒன்பதாவது டார்ட் டபுள் 12-இல் மயிரிழையில் தவறியது. அடுத்த முறை வந்து முடித்துக்கொண்டார். மைக்கிள் பாவம், அந்தச் செட்டில் அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

ஆட்டம் முடிந்து மேடையிலேயே பேட்டி. மைக்கை நீட்டினார்கள். முதல் கேள்விக்குப் பேச்சு வரவில்லை. கண் கலங்கி, தலையைத் திருப்பிக்கொண்டு, பேட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மைக் முன்னால் எந்தக் கேள்விக்கும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவர் அவர். இந்தப் பையனுக்குப் பதற்றமே கிடையாது என்று ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதியதை அப்படியே நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பதற்றம் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் அந்த 32 டார்ட்டும் போயிருக்கிறது.

அதன்பின் இயன் ஒயிட் 4-1. ரயன் ஜாய்ஸுடன் ஏழாவது செட் வரை போய் 4-3. அந்த ஆட்டம் கைநழுவியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி வந்திருக்கும். ஆஸ்பினால் 5-2. ஸ்டீஃபன் பன்டிங் 6-1.

2025 ஜனவரி 3, மறுபடியும் இறுதி. எதிரே வான் கெர்வன். 17 வயதில் ஒன்பது டார்ட் அடித்த அதே வான் கெர்வன், பிடிசி உலகப் பட்டத்தை 24 வயதில் எடுத்து மிக இளைய சாம்பியன் என்ற பெயரைப் பதினோரு வருஷமாக வைத்திருந்தவர். முதல் நான்கு செட்டும் லிட்லருக்கே. 4-0. போன வருஷம் 4-2-இலிருந்து சரிந்ததைப் பார்த்தவர்கள், வான் கெர்வன் ஒரு செட் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும்தான். ஆனால் இந்த முறை, வான் கெர்வன் ஒரு செட் எடுத்தால் லிட்லரும் ஒரு செட் எடுத்துக்கொண்டே போனார். கிட்டே வரும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 7-3. 18 வயதாக இன்னும் 18 நாள்.

சாம்பியனுக்கு 5 லட்சம் பவுண்டும், வர்ணனையாளர் சிட் வாடலின் பெயர் தாங்கிய கோப்பையும். இரண்டாம் பரிசான 2 லட்சம் இந்த முறை வான் கெர்வனுக்குப் போனது.